ஆறு ஆள் எடை

அன்னிக்கு எனக்குக் குடுத்த வேலை ரொம்பச் சின்னது. மலைக்கிராமம் ஒண்ணுக்குப் போகணும், இருபது பேர எடை பாக்கணும், நாலு கேள்வி கேக்கணும், திரும்பி வரணும். அவ்வளவுதான்.

அறுபதுகளோட ஆரம்பம். கொடைக்கானல்ல ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில நான் டெம்பரரி கிளார்க். நாற்காலிய விட்டு எந்திரிக்காம செய்யுற வேலைன்னா, என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது!

எங்க டாக்டரம்மா வெள்ளைக்காரங்க. தமிழைப் புஸ்தகத்துல படிச்சவங்க.

"அருளப்பன், உடல் எடை, உடற்பயிற்சி, ஆரோக்கியம் குறித்து மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நாம் அறிய வேண்டும்"னாங்க.

அந்த 'நாம்' யாருன்னு, ஒரு கட்டு ஃபாரத்தை என் கையில திணிச்சப்பதான் புரிஞ்சது.

"இதை நன்றாகச் செய்தால் உங்கள் வேலை நிரந்தரமாகும்."

வேலை நிரந்தரம்னா நரகத்துக்கே ஃபாரம் எடுத்துட்டுப் போவேன். ஏறி நின்னா முள்ளு சுத்துற எடை மிஷினைப் பையில போட்டுக்கிட்டுக் கெளம்பினேன்.

பண்ணைக்காடு வரைக்கும் பஸ்ஸு. அங்கிருந்து காப்பித் தோட்டத்துக்குள்ள ஒத்தையடிப் பாதை, ஒரு மணி நேர இறக்கம். நான் நடந்தேன்னு சொல்ல முடியாது. உடம்பு தானா உருண்டு போச்சு, நான் கூடவே போனேன். 'பரவால்லியே, நமக்கும் நடக்க வருதே'ன்னு ஒரு பெருமை வேற!

ஊருக்குள்ள முதல்ல கெடச்சது பேச்சியம்மா. அம்பது வயசு இருக்கும். தலையில ஒரு மூட்டை மிளகு.

"அம்மா, நீங்க உடற்பயிற்சி செய்வீங்களா?"

"அது என்னங்கய்யா?"

"வேலை எதுவும் இல்லாம, சும்மா கை காலை ஆட்டுறது, ஓடுறது."

மூட்டையை இறக்கி வச்சுட்டு என்னைப் பரிதாபமாப் பாத்தாங்க.

"எதுக்குங்கய்யா? யாரும் வெரட்டுறாங்களா?"

'இல்லை'ன்னு எழுதிக்கிட்டேன்.

"தினமும் எவ்வளவு தூரம் நடப்பீங்க?"

"எங்கிட்டு நடக்க? வெள்ளனே எந்திரிச்சு பண்ணைக்காட்டுக்கு மூட்டையோட ஏறுவோம். உப்பு புளி வாங்க மறந்துட்டா இன்னொரு தரம் ஏறுவோம். நடக்கவெல்லாம் நேரமில்லீங்க."

"சரி, உடம்பு பருமனா இருக்குறது நல்லதா, கெட்டதா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அந்தம்மா யோசிக்கவே இல்ல.

"நல்லதுதான். ஒங்களப் பாத்தாலே தெரியுதே! வேளாவேளைக்குச் சோறு கெடைக்குது."

அதுக்குள்ள கூட்டம் கூடிருச்சு. எடை மிஷினைப் பாத்ததும் ஒரு பெரியவர் பின்வாங்கினாரு. எடை குறைஞ்சா ரேஷனும் குறைச்சிருவாங்களாம்! நான் ஒரு சின்னப் பிரசங்கமே வச்சேன்.

"எடைங்கிறது வெறும் நம்பர். இதுல வெக்கப்படவோ பயப்படவோ ஒண்ணுமே இல்ல. தைரியமா ஏறணும்!"

எப்பேர்ப்பட்ட வாய் பாருங்க.

"எடையைக் குறைக்க என்ன செய்வீங்க?"ன்னு பெரியவரையே கேட்டேன்.

"கூடுனாத்தானய்யா கொறைக்க?"ன்னாரு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. நான் அதை அப்படியே எழுதிக்கிட்டேன்.

மதியத்துக்குள்ள பதினாலு பேர் முடிஞ்சது. பசியோட அனுப்பக் கூடாதுன்னு பேச்சியம்மா கேப்பைக் களியும் மொச்சைக் குழம்பும் போட்டாங்க. மூணு உருண்டை தின்னேன். நாலாவதை வேண்டாம்னு சொன்னா மனசு கஷ்டப்படுவாங்களேன்னு அதையும் தின்னேன். அடுத்தவங்க மனசு எனக்கு அவ்வளவு முக்கியம்.

அப்புறம் ஏத்தம்.

முதல் வளைவுல மூச்சு வாங்குச்சு. ரெண்டாவதுல கண்ணு இருட்டுச்சு. மூணாவதுல கால் பிசகி, ஒரு காப்பிச் செடிக்குள்ள விழுந்தேன். கணுக்கால் நிமிஷத்துல வீங்கிருச்சு.

பின்னாடி மூட்டையோட ஏறி வந்துக்கிட்டிருந்த பேச்சியம்மா கேட்டாங்க. "என்னங்கய்யா, என்னாச்சு?"

"கல்லு தடுக்கிருச்சும்மா."

சுத்திமுத்திப் பாத்தாங்க. கல்லு எதுவும் இல்ல. நல்ல பொம்பளை, மேல கேக்கல. கீழ பாத்து ஒரு குரல் குடுத்தாங்க.

"ஏலே கருத்தப்பாண்டி! டோலி எடுத்துட்டு வெரசா வா!"

நோயாளியத் தூக்குற டோலி. ரெண்டு கம்பு, நடுவுல ஒரு கம்பளி. அவங்க தம்பி கருத்தப்பாண்டி நாலு பேரோட வந்தான். என்னைப் பாத்ததும் அவனுக்குச் சந்தேகம்.

"அக்கா, நாலு பேரு போதுமா, ஆறு வேணுமா?"

"அதுக்கென்ன, சாருகிட்டயே மிஷினு கெடக்குல்ல?"

ஏத்திட்டாங்க! என் மிஷின்ல, என்னையே! வீங்குன காலைத் தூக்கிக்கிட்டு ஒத்தக் கால்ல நின்னேன். மூச்சை உள்ள இழுத்து வயித்தை எக்கிப் பாத்தேன். அந்த முள்ளு எதையும் மதிக்கல. சுத்திப் போயி இருநூறு ராத்தலுக்கு, அதான் தொண்ணூறு கிலோவுக்கு, பக்கத்துல நின்னுச்சு.

கருத்தப்பாண்டி குனிஞ்சு பாத்துட்டு நிமிந்தான்.

"ஆறு பேரு வேணும். இன்னொருத்தனக் கூப்பிடுங்கலே!"

தூக்கிட்டாங்க. அந்த ஆறு பேரும் இன்னும் ஃபாரத்துல வராதவங்க. படுத்தபடியே கேள்வி கேட்டு எழுதினேன். அவங்க கடகடன்னு பதில் சொன்னாங்க. மூச்சு வாங்கினது எனக்குத்தான்! அவங்களை மட்டும் எடை பாக்க முடியல. என் எடை அவங்க தோள்ல இருந்துச்சே.

பாதி வழியில தூறல். நனையக் கூடாதுன்னு பேச்சியம்மா ஒரு துப்பட்டியை என் தலை வரைக்கும் இழுத்து மூடிட்டாங்க. அப்படியே பண்ணைக்காடு கடைத்தெருவுக்குள்ள நுழைஞ்சோம்.

திடீர்னு தெருவே அமைதியாச்சு. யாரோ தணிஞ்ச குரல்ல கேட்டது என் காதுல விழுந்துச்சு.

"எப்ப முடிஞ்சது?"

"மதியம் களி தின்னதும்"னான் கருத்தப்பாண்டி. அவன் சொன்னது என் கால் கதை.

"ஆறு பேரு தூக்குறாங்கன்னா, பெரிய மனுசன்தான் போல. பாவம்."

நான் துப்பட்டியை விலக்கி, "கொடைக்கானல் பஸ்ஸு போயிருச்சாங்க?"ன்னு கேட்டேன்.

ஐயோ! அந்த மனுசன் ஓடினாரு பாருங்க, அன்னிக்கு நான் பாத்த ஒரே உடற்பயிற்சி அதுதான்.

மறுநாள் டாக்டரம்மா இருபது ஃபாரத்தையும் படிச்சாங்க. எல்லாத்துலயும் உடற்பயிற்சிக்கு நேரா 'இல்லை'. கட்டுப் போட்ட என் காலைப் பாத்தாங்க. நான் முழுக்கதையும் சொன்னேன். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. அப்புறம் கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, "நம் கேள்விகள்தாம் தவறு, அருளப்பன்"னாங்க. இந்தத் தடவை 'நாம்'ல அவங்களும் இருந்தாங்க. வேலையும் நிரந்தரமாச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு, கருத்தப்பாண்டி ஆஸ்பத்திரிக்கே வந்து நின்னான். தோள்ல ஒரு முழு மலைவாழைத் தார்.

"அக்கா குடுத்து விட்டுச்சு சார். கால் வலியில சாரு எளைச்சுப் போயிருப்பாருன்னு ஒரே கவலை."

அந்தம்மா கவலையைச் சாயங்காலத்துக்குள்ள தீத்து வச்சேன்.