ஒரே பக்கம் பார்த்த கைப்பிடிகள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, உங்கள் மருமகளைப் பெற்றவன் கும்பிட்டுச் சொல்லிக்கொள்வது. இங்கே நானும் என் மகள் பாப்பாவும் உங்கள் மகனும் சுகம். நேற்று மத்தியானம் வரை அது சந்தேகத்தில்தான் இருந்தது. நீங்களும் சம்பந்தியம்மாளும் சுகமாக இருக்க வேண்டும், இருப்பீர்கள், ஏனென்றால் நாங்கள் உங்கள் வீட்டுக்குக் குடிவரவில்லை. எனக்கு எழுத்து வராததால் நான் சொல்லச் சொல்ல உங்கள் மகன்தான் எழுதுகிறார். சில இடங்களில் முகத்தைச் சுளிக்கிறார். ஆனாலும் ஒன்றையும் விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

பாப்பா வேலை செய்யும் இடம் உங்களுக்குத் தெரியும். ஊரில் உள்ளவர்கள் போனில் போடும் படம், பேச்சு, பேங்க் கணக்கு எல்லாம் வந்து தங்குகிற டேட்டா சென்டர். அங்கே கண் சிமிட்டும் நேரம்கூடக் கரண்ட் நிற்கக்கூடாது. வெளிக் கரண்ட் போனால் பேட்டரி தாங்கும், அது தீர்வதற்குள் ஜெனரேட்டர் ஓடும், அதுவும் படுத்தால் இன்னொன்று ஓடும். இத்தனைக்கும் பொறுப்பு பாப்பா. இதெல்லாம் நம்பகமாக இருக்கிறதா என்று மதிப்பிட வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் அம்மா வந்தார். அவர் சரியில்லை என்றால் பாப்பாவுக்கு வேலை போகும், வேலையோடு கம்பெனி கொடுத்த வீடும் போகும், நாங்கள் மூட்டை முடிச்சோடு உங்கள் வாசலில் நிற்க வேண்டும். போன முறை நான் வந்தபோது, செருப்பைக் கழற்றுவதற்குள் "திரும்ப எந்த ரயில்ல போறீங்க?" என்று நீங்கள் அன்போடு விசாரித்தது எனக்கு மறக்கவில்லை. நீங்கள் அப்போது கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தீர்கள், இரண்டாவது பித்தான் இல்லை.

பாப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன என்னைக் காவலாளி ஜெனரேட்டர் முற்றத்தை ஒட்டிய கண்ணாடி அறையில் உட்கார வைத்தார். பக்கத்தில் ஒரு பெயிண்டர். பரிசோதனைக்கு எல்லாம் புதுசாகத் தெரிய வேண்டும் என்று மேலாளர் பாப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அவள் எல்லாவற்றையும் சரிபார்த்து வீட்டுக்கு வந்த பிறகு, இவரைக் கூப்பிட்டு டீசல் குழாய்க்கெல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார். பரிசோதகர் அம்மா வெளிக் கரண்ட் வரும் மெயினை இறக்கச் சொன்னார். பேட்டரி தாங்கியது, முதல் ஜெனரேட்டர் கம்பீரமாக ஓடியது. நான் மூச்சு விட்டேன். பெயிண்டர் என் தோளைத் தட்டினார்.

"பெரியவரே, குழாயைப் பாத்தீங்களா? ஜொலிக்குதுல்ல?"

"நல்லாத்தான் இருக்கு."

"குழாயைத் தொறந்து மூடற கைப்பிடிங்கெல்லாம் ஒண்ணு இப்படி ஒண்ணு அப்படின்னு கோணல்மாணலா கிடந்துச்சு. எல்லாத்தையும் ஒரே பக்கமா திருப்பி வெச்சுட்டுத்தான் அடிச்சேன்."

"யாருய்யா உன்னைத் திருப்பச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? வேலைன்னா ஒரு லட்சணம் வேணாமா!"

அதற்குள் பரிசோதகர் அம்மா, "முதல் ஜெனரேட்டர் கெட்டுப்போச்சுன்னு வெச்சுக்குவோம், நிறுத்துங்க" என்றார். இரண்டாவது கிளம்பியது, சம்பந்தி, நாலு தரம் இருமியது, நின்றது. சுவரில் இருந்த திரையில் பேட்டரியின் பச்சைப் பட்டை சோப்புக் கட்டி மாதிரி தேய்கிறது. இரண்டு ஜெனரேட்டரும் எதிரும் புதிருமாக நிற்பவை, ஒன்றுக்கு டீசல் திறக்கிற பக்கம் மற்றதற்கு மூடுகிற பக்கம் என்பதெல்லாம் பாப்பா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். கைப்பிடியைத் திருப்பியதால்தான் கோளாறு என்று மட்டும் எனக்குத் தோன்றியது. கண்ணாடியைத் தட்டினேன், கையைத் திருகித் திருகிக் காட்டினேன். பாப்பா ஒரு கணம் பார்த்தாள். "டிபன் டப்பா மூடியைத் தொறக்க வரலியா? சாப்பாடு அப்புறம்ப்பா!" என்று சைகையிலேயே அடக்கிவிட்டு, டீசல் டேங்கிலிருந்து குழாயைத் தடவிக்கொண்டே ஓடினாள். கைப்பிடியிடம் நின்றாள். ஒரே திருப்பு. ஜெனரேட்டர் உறுமியது.

"ஐயய்யோ, பெயிண்ட் காயலியே!" என்று அலறினார் பெயிண்டர்.

நான் முற்றத்துக்குள் போனபோது மேலாளர் வியர்த்து வழிந்து, "இது வந்து, தற்செயலா" என்று தொடங்கினார். பரிசோதகர் அம்மா கையமர்த்தினார். "மெஷின்னா நிக்கத்தான் செய்யும் சார். நின்னா என்ன செய்யறீங்கன்னு பாக்கத்தான் நான் வந்தேன். உள்ள ஒரு லைட்டுகூட அணையல. பேட்டரி தீர்றதுக்குள்ள இந்தப் பொண்ணு கண்டுபிடிச்சுடுச்சு. தேறிட்டீங்க" என்று சொல்லி பாப்பாவின் கையைக் குலுக்கினார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார், செக்கச்செவேல். "இனிமே பெயிண்ட் அடிச்சா இந்தப் பொண்ணு சரிபாத்த பிறகுதான் மெயினைத் தொடணும்" என்று அதையும் எழுதிக்கொண்டார். நான் அங்கேயே ஒரு டப்பாமேல் உட்கார்ந்தேன். அது பெயிண்ட் டப்பா. வேட்டி போனது போகட்டும், வீடு தங்கியது.

ஆகவே சம்பந்தி, நீங்கள் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுக்கலாம். உங்கள் வீடு உங்களுக்கு, எங்கள் வீடு எங்களுக்கு. இந்தத் தூரம்தான் நம் உறவைக் கட்டிக் காக்கிறது. சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். உங்கள் இருவருக்கும் ஆயுசும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பாப்பா ஓடி வந்தாள். நேற்றைய சாமர்த்தியத்தை மெச்சி அவளுக்குப் பதவி உயர்வாம். உங்கள் ஊரில் புதிதாகத் திறக்கும் டேட்டா சென்டருக்கு அவள்தான் தலைமை. உடனே கிளம்ப வேண்டுமாம். அங்கே கம்பெனி வீடு கட்டி முடியும் வரை உங்களோடு இருந்துகொள்ளலாம் என்று உங்கள் மகன் எழுதிக்கொண்டே சிரிக்கிறார். அந்த வீட்டுக்கு இன்னும் அஸ்திவாரமே தோண்டவில்லையாம்.