டிரம்ஸ் வாசித்தது உங்கள் கோபாலன்

எனக்கு ஜாஸ் தெரியாது. தெரியாமலேயே நான்கு வருடங்களாக ஒரு சமூக வானொலியில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்திவருகிறேன். இதை இப்போது ஒப்புக்கொள்வதில் ஆபத்து எதுவுமில்லை. தெரிய வேண்டியவர்கள் எல்லோருக்கும் இந்த விஷயம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

அடையாறில், ஓர் அறக்கட்டளைக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது எங்கள் நிலையம். காற்று ஒத்துழைத்தால் மயிலாப்பூர் குளம் வரை தெளிவாகக் கேட்கும். தி.நகரில் மொட்டை மாடிக்குப் போனால் கேட்கும் (என்று ஒரு தி.நகர்வாசி, போய்க் கேட்டுவிட்டு, புகாராகவே சொன்னார்). தன்னார்வலர்களுக்கு நேரம் ஒதுக்கும் கூட்டத்தில் கர்நாடக சங்கீதத்துக்குப் பதினொரு பேர் கை தூக்கினார்கள். பன்னிரண்டாவதாக எழுந்த என் கை பாதியில் நின்றது. கர்நாடக சங்கீதத்தைப் பற்றி ஒரு வாக்கியம் பேசினால், அதில் மூன்று தப்பு கண்டுபிடிக்க மயிலாப்பூரில் எதிர்வீட்டிலேயே ஆள் இருக்கிறார். ஜாஸ் என்றால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? கையை முழுதாகத் தூக்கி "ஜாஸ்" என்றேன். நிலைய மேலாளர் ஹேமா மேடம் என்னை மரியாதையோடு பார்த்தார். அவர் என்னை அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஆறு. முதல் நாற்பது நிமிடம் ஒலித்தட்டு இசை. நடுநடுவே, முந்தின நாள் இணையத்தில் படித்ததைப் பல வருட அனுபவம் போன்ற குரலில் நான் சொல்வேன். மீதி இருபது நிமிடம் வட்டாரக் கலைச் செய்திகள்: எந்தத் தெருவில் அரங்கேற்றம், எந்த அரங்கில் நாடகம், எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓவியக் கண்காட்சி. இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்த நிகழ்ச்சிக்கு ஹேமா மேடம் ஒரு யோசனை சொன்னார். நம் வட்டாரத்து ஜாஸ் கலைஞர்களை அழைத்து நேரடியாக ஒலிபரப்பலாமே என்றார். இருக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

இருந்தார்கள். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே கீபோர்டு வாசிக்கும் ஒருவர், கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பாஸ் கிதார் வாசிக்கும் ஒருவர். மூன்றாவது ஆள் ஆரோக்கியராஜ். அறுபதைத் தாண்டியவர், பட்டினப்பாக்கத்துக்காரர். முப்பது வருடம் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் டிரம்ஸ் வாசித்தவர். அவர் தாளத்துக்கு நீங்களும் ஒருநாளாவது கால் ஆட்டியிருப்பீர்கள். ஆனால் கேசட் உறையிலோ, வானொலியிலோ, எங்கேயும் அவர் பெயர் வந்ததில்லை. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. ஒத்திகை முடிந்து குச்சிகளைத் துணியில் சுற்றும்போது, "கடைசில பேரு சொல்வீங்கல்ல சார்?" என்று மட்டும் கேட்டார். கண்டிப்பாகச் சொல்வேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை அவர் தங்கை பிலோமினா போன் செய்தார். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர்.

"அண்ணன் பேர கரெக்டா எத்தினி மணிக்கு சொல்லுவே சார்?"

ஐந்து ஐம்பத்தைந்துக்கு என்றேன்.

"அப்போ அஞ்சு அம்பதுக்கு யாவாரத்த நிறுத்திடறோம். இந்த வரிசைல அல்லாருக்கும் சொல்லி வச்சிக்கீறேன்."

சனிக்கிழமை மாலை மீன் வியாபாரத்தை நிறுத்துவது என்றால் என்ன என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் மூவரையும் உட்காரவைத்து ஒரு பிரசங்கம் செய்தேன். சிவப்பு விளக்கு எரியும்போது மூச்சு விடலாம், சத்தமாக விடக் கூடாது. நான் சைகை காட்டினால் மட்டும் வாசிக்க வேண்டும். நான் சொல்லாமல் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. இருபது நொடி நிசப்தம் நிலவினால் எங்கள் கணினி, நிலையத்தில் எல்லோரும் செத்துப்போய்விட்டதாக எண்ணிக்கொண்டு, தானாகவே ஓர் அவசரப் பதிவைப் போட்டுவிடும். மறுபடி நேரலைக்கு வர என் மேஜையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அதை நான் தவிர யாரும் தொடக் கூடாது. இவ்வளவையும் ஒரு கப்பல் தலைவன் மாதிரி சொன்னேன்.

எல்லாம் அழகாகவே போயிற்று. ஐந்தே முக்கால் வரை.

ஐந்து நாற்பத்தாறுக்குக் கீபோர்டும் பாஸும் ஓய்ந்து, டிரம்ஸ் மட்டும் தனியாக எழுந்தது. நானும் எழுந்தேன்.

ஏன் எழுந்தேன் என்று ஹேமா மேடம் பிறகு எழுத்து மூலமாகவே கேட்டார். சபாக்களில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பாட்டுக்காரர் ஓய்ந்து மிருதங்கம் தனி ஆவர்த்தனம் தொடங்கிய அடுத்த நொடி, பாதி அரங்கம் எழுந்து கேன்டீனுக்குப் போகும். குறைந்தது இருபது நிமிடம். ஒரு தோசை, ஒரு காபி, ஒரு வம்பு முடித்துத் திரும்பலாம். என் கால்கள் நாற்பது வருடமாக அந்தப் பழக்கத்தில் இருப்பவை. மூளையைக் கேட்காமலேயே அவை என்னைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய்விட்டன. கதவு எனக்குப் பின்னால் 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டது.

வராந்தாவின் கோடியில் கேன்டீன். அங்கே எங்கள் நிலையம்தான் எப்போதும் ஓடும். ஆரோக்கியராஜின் தாளத்தைக் கேட்டபடி ஒரு வாழைக்காய் பஜ்ஜியை முடித்து, இரண்டாவதைக் கடித்தேன். தாளம் நின்றது.

"இன்னா சார், உங்க புரோகிராம் நின்னு பூட்ச்சி" என்றார் கேன்டீன்காரர்.

நான் சிரித்தேன். தனியில் நடுவே ஒரு நிறுத்தம் வரும், அது அழகு என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். விளக்கத்தின் நடுவில்தான் எனக்கே விளங்கியது. இது மிருதங்கம் இல்லை. ஜாஸில் டிரம்ஸ் தனி ஒன்றரை நிமிடத்தில் முடியலாம். முடிந்தேவிட்டது. என் அறிவிப்புக்காகத்தான் அந்த நிசப்தம் காத்திருக்கிறது.

ஓடினேன். எங்கள் கதவில் விரல் ரேகைப் பூட்டு. கட்டை விரலை வைத்தேன். "தயவுசெய்து மீண்டும் முயலவும்" என்றது ஒரு பெண் குரல். மீண்டும் முயன்றேன். அதே குரல், அதே பொறுமை. விரலைப் பார்த்தேன். பஜ்ஜி எண்ணெய் பளபளத்தது. சட்டையில் துடைத்தேன், வேட்டியில் துடைத்தேன். தலைமுடியில்கூடத் துடைத்தேன் (தேங்காய் எண்ணெய் தடவிய தலை என்பது பிறகு நினைவுக்கு வந்தது). ஐந்தாவது முயற்சியில் அந்தப் பெண் குரலும் பொறுமை இழந்து, ஐந்து நிமிடம் கழித்து வரச் சொல்லிவிட்டு அடங்கியது.

கேன்டீன் வானொலியில் அப்போது கணினியின் அவசரப் பதிவு பேசத் தொடங்கியது. "அன்பார்ந்த பொதுமக்களே. தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடுகிறது."

கதவில் ஒரு சதுரக் கண்ணாடி உண்டு. அதன் வழியே பார்த்தேன். மூவரும் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். என் பிரசங்கம் அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது. விரல் வேலை செய்யவில்லை என்று காட்டுவதற்காகக் கட்டை விரலை உயர்த்தி ஆட்டினேன். ஆரோக்கியராஜ் முகம் மலர்ந்தது. பிரமாதம், மேலே போங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டார். வேறெப்படி எடுத்துக்கொள்வார்? சைகை காட்டினால் வாசிக்க வேண்டும் என்று சொன்னவனே நான்தானே. குச்சிகளைத் தூக்கினார்.

அதன் பிறகு அவர் வாசித்தது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. கதவு சத்தம் கடத்தாத கதவு. நான் பார்த்தேன், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு, தோளும் மணிக்கட்டும் தனித்தனி மனிதர்களுடையவை போல அசைய, சட்டை நனைய நனைய வாசித்தார். மற்ற இருவரும் வாயைப் பிளந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்; நான் கதவைத் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. முப்பது வருடத்தில் யாரும் அவரை இவ்வளவு நேரம் தனியாக வாசிக்கச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஊருக்கு அந்த நேரத்தில் கேட்டதெல்லாம் கொசு. பூந்தொட்டித் தட்டில் கொசு, பழைய டயரில் கொசு, தேங்காய் ஓட்டில் கொசு. முடிந்ததும் மறுபடி, அன்பார்ந்த பொதுமக்களே.

மணி ஐந்து ஐம்பத்தைந்து. பட்டினப்பாக்கத்தில் தராசுகள் நின்றுபோய் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

கேன்டீன்காரர் என் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவினார். ஓடிவந்து விரலை வைத்தேன். பூட்டு விழித்துக்கொண்டு, ஈர விரலும் ஆகாது என்றது. அவரே தோள் துண்டால் என் விரலை ஒத்தி ஒத்தித் துடைத்தார். மணி ஐந்து ஐம்பத்தொன்பது. கதவு திறந்தது.

மேஜைக்குப் பாய்ந்து பொத்தானை அழுத்தினேன். கொசு நின்றது. ஆரோக்கியராஜ் கடைசித் தட்டைத் தட்டி முடித்தார். ஆறு மணி அடித்தால் கணினி யாரையும் கேட்காமல் அடுத்த நிகழ்ச்சியான சித்த வைத்தியத்துக்குப் போய்விடும். எனக்கு முப்பது நொடி இருந்தது. மூச்சு இல்லை.

கீபோர்டுக்காரர் பெயரைச் சொன்னேன். பாஸ்காரர் பெயரைச் சொன்னேன். "டிரம்ஸ் வாசித்தது" என்று ஆரம்பித்து அவரைப் பார்த்தேன். வியர்வை சொட்ட, பள்ளிக்கூடத்தில் பரிசுக்குப் பெயர் கூப்பிடக் காத்திருப்பவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் தலையில் இருந்ததெல்லாம் துடைத்துவிட்டதுபோல் ஆயிற்று. பெயர் வரவில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த இடத்தில் என்ன சொல்லுமோ அதைச் சொன்னது.

"டிரம்ஸ் வாசித்தது, உங்கள் கோபாலன். வணக்கம்."

மணி ஆறு. சித்த வைத்தியர் நிலவேம்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

சிவப்பு விளக்கு அணைந்தது. ஆரோக்கியராஜ் குச்சிகளைத் துணியில் சுற்றிக்கொண்டே, "பரவால்ல சார், உடுங்க" என்றார். திட்டியிருக்கலாம். அவர் போன் அடித்தது. அவர் காதில் வைத்திருந்தும், பிலோமினாவின் குரல் நான் நின்ற இடத்துக்குத் தெளிவாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்தால் மனைவி ஜெயந்தி கதவைத் திறந்தாள். "நாலு வருஷமா பேசிண்டுதான் இருந்தேள். டிரம்ஸ் வேற வாசிப்பேளா, சொல்லவே இல்லையே" என்றாள். நான் படுக்கையில் போய் விழுந்தேன். மறுநாள் காலை அவளே எழுப்பி, போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தால்தான் காபி என்றாள்.

பட்டினப்பாக்கத்தில் மீன் வரிசைக்குள் நான் நுழைந்ததுமே ஒரு குரல், "தோ பாரு, டிரம்ஸ்காரரு வந்துட்டாரு" என்றது. வரிசை முழுவதும் சிரித்தது. பிலோமினா சிரிக்கவில்லை. வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே கேட்டார்.

"கொசுவப் பத்தி பத்து நிமிசம் சொன்னியே சார். எங்கண்ணன் பேர சொல்ல எத்தினி நேரம் ஆவும்?"

வெட்டிய துண்டைத் தராசில் போட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"எங்க வூட்டுக்காரரு வலைய கீழ வச்சிட்டு, கைய கழுவிக்கினு வந்து ஒக்காந்தாரு. ரேடியோ கேக்க."

அடுத்த வாரம் நிச்சயம் சொல்கிறேன், முதல் வேலையாகச் சொல்கிறேன் என்றேன். அவர் கத்தியைக் கழுவி வைத்தார்.

"நீ ஒண்ணியும் சொல்ல வேணாம். நானே வந்து சொல்லிக்கிறேன்."

இதை ஹேமா மேடத்திடம் சொல்லப் பயந்துகொண்டே போனேன். என் இடத்தில் வேறு ஆளைப் போடுவதற்கு அவர் ஏற்கெனவே யோசித்துவைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, நான்கு வருடத்தில் இந்த நிகழ்ச்சிக்குக் கிடைத்த முதல் உருப்படியான யோசனை என்றார்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் மறுபடி வாசித்தார்கள். டிரம்ஸ் தனியாக எழுந்ததும் பிலோமினா நாற்காலியைக் கதவை அடைத்தாற்போல் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். முழுவதையும் கேட்டேன். அதற்கு முன்னால் எதையும் நான் அப்படிக் கேட்டதில்லை. முடிந்ததும் பிலோமினா எழுந்து வந்து ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார்.

"டிரம்ஸ் வாச்சது எங்கண்ணன் ஆரோக்கியராஜ். பட்டினப்பாக்கம். முப்பது வருசமா வாசிக்குது. இன்னிக்கிதான் பேரு சொல்றாங்க."

ஆரோக்கியராஜ் குனிந்து, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த ஒரு திருகை இறுக்கினார். வெகுநேரம் இறுக்கினார்.

அன்று வந்த தொலைபேசி அழைப்புகள் எனக்கு நான்கு வருடத்தில் வந்ததைவிட அதிகம். அன்றிலிருந்து எங்கள் நிகழ்ச்சியில் பெயர் சொல்வது பிலோமினாதான். வெளிநாட்டு ஒலித்தட்டாக இருந்தாலும் சரி, ஊதியவர், தட்டியவர், ஒலிவாங்கி மாட்டியவர் வரை எல்லோரையும் விசாரித்துக்கொண்டு வந்து சொல்வார். வீட்டில் இன்றுவரை நான் காபி போட்டேன் என்று சொன்னால், "டிரம்ஸும் அப்பாதான்" என்கிறாள் என் மகள். வந்த விருந்தாளிக்கு அது புரியாவிட்டால் ஜெயந்தி உட்காரவைத்து முதலிலிருந்து சொல்கிறாள், கொசு உட்பட.

என் பெயரையும் பிலோமினா விட்டுவிடுவதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும், ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், எல்லோர் பெயரையும் சொன்ன பிறகு கடைசியாகச் சொல்வார்:

"ஒரு மணி நேரமும் எங்கியும் போவாம உள்ளாறவே ஒக்காந்துகினு இருந்தது, கோபாலன் சார்."