ஐஸ்லாந்துக்குக் கேட்ட மாப்பு

ஒழுங்கான மனிதனுக்கு அவமானம் நேர்ந்தால் அதுவும் ஒழுங்காகத்தான் நேரும். படிப்படியாக, நேரம் தவறாமல், ஊரே கூடி நின்று பார்க்கும்படி. நான் ஒழுங்கான மனிதன். ஆணிகளைக்கூட நீளவாரியாகப் பிரித்துப் போத்தல்களில் போட்டு வைப்பவன்.

சுனாமிக்குப் பிறகு கல்முனையில் வீடு கட்டித்தர வந்த வெளிநாட்டுக்காரர்களில் குன்னார் என்று ஒரு பொறியியலாளர் இருந்தார். ஐஸ்லாந்துக்காரர். அவருடைய களஞ்சியத்துக்கு நான் பொறுப்பாளர். என் ஆணிப் போத்தல்களைப் பார்த்த அன்றே அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது. நாடு திரும்பும்போது, "சண்டை முடியட்டும், நீங்கள் என் வீட்டுக்கு வரவேண்டும்" என்றார். போகிற எல்லாரும் சொல்வதுதானே என்று நானும் தலையாட்டினேன். ஆனால் யுத்தம் முடிந்த சில வாரங்களில், மனிதர் உண்மையாகவே விமான டிக்கெட் அனுப்பிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் அதுவரை வெளிநாடு போனவர் என் மாமனார் மட்டும்தான். அதுவும் ஹஜ்ஜுக்கு. எனவே அவருடைய பயணத்தையே முன்மாதிரியாக வைத்துத் திட்டம் போட்டேன். அவர் என்ன செய்தார்? வீடு வீடாகப் போய், "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதுக்கு மாப்புத் தாங்க" என்று மன்னிப்புக் கேட்டார். சொந்தக்காரர்களுக்குச் சோறு கொடுத்தார். அழுதார். வேனில் ஏறினார். நானும் அதே வரிசையில் எல்லாவற்றையும் செய்தேன். (அழுகை மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டு வந்தது.)

விடயம் பரவியதும் ஊர் தன் பங்குக்குக் கம்பளி உடுப்புகளோடு வந்தது. சுனாமி நிவாரண மூட்டைகளில், எங்கோ குளிர் நாட்டு நல்ல மனிதர்கள் அனுப்பிய தடித்த கோட்டுகளும் கையுறைகளும் எங்கள் ஊருக்கு வந்திருந்தன. கல்முனை வெயிலில் அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்கு வீடு கட்டி வைத்திருந்தார்கள். "இதுக்காகத்தான் அல்லாஹ் அனுப்பியிருக்கான்" என்று ஒவ்வொருவராகக் கொண்டுவந்து என் தலையில் கட்டினார்கள்.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் நான் மாப்புக் கேட்கப் போகவில்லை. அது பக்கத்து வீடு.

அது என் மனைவி நசீமாவின் ராத்தா வீடு. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குத்தான் வீட்டைச் சீதனமாகக் கொடுப்பார்கள். ஆகவே அக்காவும் தங்கையும் ஒரே வளவில் அருகருகே இருந்தார்கள். இடையில் இருந்த வேலியைக் கடல் கொண்டுபோய்விட்டது. திரும்ப எல்லை போடும்போது நான் அளவு நாடாவோடு நின்று, ராத்தாவின் கணவர் ஹனீபா காக்கா (எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன்) நான்கு அங்குலம் இந்தப் பக்கம் வந்துவிட்டதாக நிரூபித்தேன். (நான்கு அங்குலம்! அதில் ஒரு கத்தரிச் செடிகூட நிம்மதியாக வளராது.) அவர் கோபத்தில் ஆளுயரச் சுவரை எழுப்பினார். அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் சுவருக்கு இரு பக்கமும் நின்றுதான் கதைத்துக்கொண்டார்கள்.

"ஊரெல்லாம் மாப்புக் கேட்டுப்போட்டுப் பக்கத்து ஊட்ட உட்டுட்டுப் போனா, அது என்ன மாப்பு?" என்றாள் நசீமா. "எனக்கு ஐஸ்லாந்தும் வேணா, ஒரு சாமானும் வேணா. எனக்கு எங்கட ராத்தாட ஊட்டுக்குள்ள போகணும்."

போனேன். ஹனீபா காக்கா மீன் மொத்த வியாபாரி. மேலிருந்து கீழாக என்னைப் பார்த்தார்.

"தூரமா?"

"தூரம்தான், காக்கா."

"பிளேனிலயா?"

"ஓம்."

"திரும்பி வருவீங்களா?"

"இன்ஷா அல்லாஹ்."

அவ்வளவுதான். கட்டிப்பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். அதோடு விடவில்லை. "குளிரு பழகிட்டுப் போங்க தம்பி" என்று தன்னுடைய மீன் வைக்கும் ஐஸ் அறைக்குள் கூட்டிப்போனார். அந்த வாரம் முழுவதும் நிவாரணக் கோட்டைப் போட்டுக்கொண்டு சூரை மீன்களுக்கு நடுவே உட்கார்ந்து நான் ஐஸ்லாந்துக்குப் பயிற்சி எடுத்தேன். காக்கா அடிக்கடி கதவைத் திறந்து, "மூச்சு இரிக்கா?" என்று கேட்பார்.

பிறகு ஊர் திரண்டு வழியனுப்ப, கொழும்பு போனேன்.

அங்கேதான் தெரிந்தது. மாமனார் பயணத்தில் விசா என்ற ஒன்றும் இருந்திருக்கிறது. அதை முகவர் எடுத்துக் கொடுத்துவிட்டதால் எங்கள் வீட்டில் யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. கடவுச்சீட்டு இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, ஊரின் மாப்பு இருக்கிறது. வேறென்ன வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஐஸ்லாந்துக்கு இங்கே தூதரகமே இல்லையாம். வேறொரு நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டுமாம். விசாரிக்கப் போன இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் கையிலிருந்த கோட்டைப் பார்த்து, "உங்களுக்கு எப்போது பிளேன்?" என்று கேட்டார்.

"நாளைக்கு, மிஸ்."

அவர் சிரிக்கவில்லை. அந்த நல்ல குணத்தை இன்றும் மறக்கவில்லை. "இதற்குச் சில வாரங்களாவது எடுக்கும்" என்றார்.

ஊருக்கு எந்த முகத்தோடு போவது? போகாதவனுக்குக் கொடுத்த மாப்பு செல்லுமா? ஹனீபா காக்கா அதைத் திருப்பி எடுத்துக்கொண்டால் நசீமா மறுபடியும் சுவரோடுதான் கதைக்க வேண்டும். யோசித்து யோசித்து, பயணக் காலம் முழுவதும் கொழும்பிலேயே, மருதானையில் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் ஒளிந்திருப்பது என்று முடிவெடுத்தேன். (அப்போது அது எனக்கு நல்ல திட்டமாகத்தான் பட்டது.)

'போய்ச் சேர்ந்த' பிறகு, பக்கத்துப் புறக்கோட்டையில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து வீட்டுக்கு அழைப்பு எடுத்தேன்.

"எப்படி இரிக்கி?" என்றாள் நசீமா.

"சரியான குளிரு புள்ள." (கடையில் ஏசி போட்டிருந்தார்கள். நான் பொய் சொல்கிறவன் அல்ல.)

"சனமெல்லாம் எப்படி?"

"நல்ல சனம். அமைதியான சனம்."

அந்த நேரம் பார்த்து யாரோ கடைக் கதவைத் திறந்தார்கள். வாசலில் நின்ற பஸ்ஸின் கொண்டக்டர் கொழும்பு பஸ் தரிப்பிடங்களைத் தொண்டை கிழியக் கத்தினான்: "கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தே!"

நசீமா மிக மென்மையாகக் கேட்டாள்: "ஐஸ்லாந்திலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ் ஓடுதா?"

காலால் கடைக் கதவைத் தள்ளிச் சாத்தினேன்.

"ஊட்டுக்கு வாங்க" என்றாள்.

வந்தேன். கல்முனை பஸ் நிலையத்தில் ஹனீபா காக்கா நின்றார். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். வீட்டு வாசலில் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"மாப்புக் கேட்டுட்டுப் போகாம வந்திரிக்கீங்க. அப்ப அந்த மாப்ப என்ன செய்யிற?"

அவர் கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். அதன் நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு உடைத்திருந்தது. அந்த உடைப்பு வழியாக ராத்தா கறிச்சட்டியோடு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

"நசீமா தனிய இரிப்பாளே எண்டு நீங்க போன அண்டைக்கே ஒடச்சிப்போட்டன்" என்றார் காக்கா. "திரும்பக் கட்ட எனக்கு நேரமில்ல."

உடைப்பு நேராக இல்லை. இடது பக்கம் சாய்ந்திருந்தது. கை தானாக அளவு நாடாவைத் தேடிச் சட்டைப் பைக்குப் போனது. நசீமா பார்த்த பார்வையில் கை திரும்பி வந்துவிட்டது. அந்தச் சாய்ந்த வழி இன்றும் அப்படியே இருக்கிறது.

குன்னார் மறுபடியும் அழைத்தார். நான் போகவில்லை. எங்கள் வீட்டில் யாராவது தொலைபேசியில் "வந்துகொண்டிருக்கிறேன்" என்றால், பக்கத்தில் இருப்பவர் "கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி" என்று கத்துவது மட்டும் நிற்கவே இல்லை.

பல வருடங்களுக்குப் பிறகு அல்லாஹ் ஹஜ்ஜுக்குப் போகும் பாக்கியத்தைத் தந்தான். சாய்ந்த வழியால் நுழைந்து, முதலில் ஹனீபா காக்காவிடம்தான் மாப்புக் கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"முதல்ல விசாவக் காட்டுங்க."

காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

"போன முற தந்த மாப்பு அப்படியே இரிக்கிதானே தம்பி. அதக் கொண்டு போங்க."