பூட்டுக்காரர் குரைத்த பத்து நாள்

“பத்தே நாள். அதுக்குள்ள இந்த நாய் குரைக்கணும். இல்லேன்னா பத்தாம் நாள் ராத்திரியே மரக்கடைக்குப் போயிடும். அங்க வாட்ச்மேன் பேச்சுத் துணைக்கு ஒரு நாய் வேணும்னு கேட்டிருக்கார்.”

பூட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். குற்றவாளி அவர் காலடியிலேயே படுத்து, அவர் செருப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு அதைக் கேட்டது. கன்னங்கரேல் உடம்பு, கன்றுக்குட்டி உயரம், கண்டவன் இரண்டடி பின்னால் போகிற முகம். பேர் மேஜர். ஊர் மாறிப் போன வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறது. இந்த மூன்று வாரத்தில் அது குரைத்து அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

யார் வீட்டுக் கதவு அடைத்துக்கொண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு கம்பியை நுழைப்பார், கண்ணை மூடுவார், ‘டிக்’. கதவு இவ்வளவு சுலபமாகத் திறக்கும் என்று தெரிந்த மனிதருக்கு எந்தப் பூட்டின் மேலும் நம்பிக்கை இருக்காது. அதனால்தான் நாய். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை அவர் கடையில் இருப்பார், வீட்டில் மனைவியும் எட்டு மாதப் பாப்பாவும் தனி. முன்பெல்லாம் யாராவது கதவைத் தட்டினால் மனைவி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, அங்கிருந்து அவருக்குப் போன் செய்வாள். தட்டியது தபால்காரராக இருந்தாலும் சரி. மேஜர் வந்த நாளிலிருந்து அந்தப் போன் வருவதில்லை.

வம்பை இழுத்துவிட்டவர் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர்.

“தம்பி, நேத்து மத்தியானம் மீட்டர் பாக்க வந்த ஆளு நேரா உங்க வீட்டுக்குள்ள போனாரு. உங்க நாய் என்ன பண்ணிச்சு தெரியுமா?”

“என்ன பண்ணிச்சு?”

“மீட்டர் எங்க இருக்குன்னு காட்டிச்சு.”

“விளையாடாதீங்கண்ணே.”

“நாளைக்குத் திருடன் வந்தா பீரோ எங்க இருக்குன்னும் காட்டும். பூட்டுக்காரர் வீட்டு நாயாச்சே, தொழில் மரியாதை வேண்டாமா?”

அது தைத்துவிட்டது. அதன் விளைவுதான் தீர்ப்பு.

மனைவி கையில் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் பாப்பா, உதட்டை இறுக்கிக்கொண்டு. எடை ஏறவே இல்லை என்று போன தடவையே டாக்டரம்மா முகத்தைச் சுளித்திருந்தார். ஊரார் பூட்டையெல்லாம் திறக்கிறவர் வீட்டில் இரண்டு வாய் பூட்டிக் கிடந்தது. ஒன்று மேஜருடையது, இன்னொன்று பாப்பாவுடையது. “கொஞ்சம் பூனை மாதிரி கத்திக் காட்டுங்களேன், சிரிச்சா வாயைத் திறப்பா” என்று போன வாரம் மனைவி கேட்டதற்கு, “நாலு பேர் மதிக்கிற மனுஷன் பூனையாட்டம் கத்துறதா?” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டவர் அவர்.

“குரைக்காட்டி என்னங்க?” என்றாள் மனைவி. “கூடவே இருக்கு. அடுப்படிக்குப் போனா அடுப்படி, துணி காயப்போடப் போனா மொட்டைமாடி. நான் பேசினா தலையைச் சாய்ச்சுக் கேக்குது.”

“கேக்குறதுக்குத்தான் நாய் வளப்பாங்களா?”

“அதுக்குன்னு புருஷன் ஒருத்தரை வெச்சுப் பாத்தேன். சரிப்பட்டு வரல.”

“பேச்சை மாத்தாதே. பத்து நாள்.”

அவள் கொஞ்ச நேரம் மேஜரைப் பார்த்தாள். பிறகு பாப்பாவைப் பார்த்தாள்.

“சரிங்க. ஆனா பாடம் நடத்தாம பரீட்சை வைக்கக் கூடாது.”

“யார் நடத்துறது?”

“இந்த வீட்டுல சத்தம் போடத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தானே? காலைல எட்டு மணி, சாயங்காலம் ஏழு மணி. வாசல்ல, ஜன்னலுக்கு நேரா. நான் உள்ளேயிருந்து கவனிச்சுச் சொல்றேன்.”

முதல் நாள் காலை எட்டு மணிக்குப் பூட்டுக்காரர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இருமுவதுபோல ஒரு “வள்” போட்டார். மேஜர் கொட்டாவி விட்டது.

“சத்தமா!” என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“வள்!”

“இன்னொரு தடவை! காதைத் தூக்குது பாருங்க!”

காதைத் தூக்குகிறது என்றதும் அவருக்கு உற்சாகம் வந்தது. வள், வள், லொள் என்று விதவிதமாக எடுத்துவிட்டார். “நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க!” என்றாள் மனைவி. பாப்பா கெக்கெக்கே என்று சிரிக்கிற சத்தம் கேட்டது. திடீரென்று, “போதும். இன்னிக்கு இது போதும்” என்று ஜன்னல் சாத்தப்பட்டது.

மூன்றாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. மனைவி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பரிவாகக் கொடுத்ததில்லை. ஐந்தாம் நாள் நின்றுகொண்டு குரைத்தால் நாய்க்கு விளங்காது என்று கண்டக்டர் மதில்மேல் சாய்ந்தபடி யோசனை சொல்ல, பூட்டுக்காரர் நாலு காலில் இறங்கினார். இடுப்புச் சாவிக்கொத்து கலகலவென்றது. உள்ளே பாப்பா சிரித்த சிரிப்பில் ஜன்னல் கம்பியே அதிர்ந்தது. மேஜர் அவரைச் சுற்றி மூன்று சுற்று ஓடி, முகத்தை நக்கி, தன் பந்தைக் கொண்டுவந்து அவர் கையருகே வைத்தது. குரைக்கவில்லை.

எட்டாம் நாள் ஒரு தினுசாக இருந்தது. ஒரு பெரிய வீட்டின் இரும்புப் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கும்போதே ஏழு மணிக்கு நேரமாகிறதே என்று மனம் பரபரத்தது. தெருமுனை திரும்பியதும் மேஜர் வாசலில் நிற்கும், வால் மட்டுமல்ல, உடம்பில் பாதி ஆடும். அன்றைக்கு எத்தனை பேர் திட்டியிருந்தாலும் அந்த ஆட்டத்தில் அது உதிர்ந்துபோகும். வாத்தியாருக்கு மாணவன்மேல் வருகிற அக்கறை, வேறொன்றுமில்லை என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

பத்தாம் நாள் சாயங்காலமும் மேஜர் குரைக்கவில்லை.

பூட்டுக்காரர் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். ஆணியில் தொங்கிய சங்கிலியை எடுத்தார். எந்தப் பூட்டையும் திறக்கிற கைக்கு அந்தச் சின்னக் கொக்கியைக் கழுத்துப்பட்டையில் மாட்டத் தெரியவில்லை. மேஜர் உலாவப் போகிறோம் என்று நினைத்து அவர் கையை நக்கியது.

“கொண்டு விட்டுட்டு வாங்க,” என்றாள் மனைவி. “ஆனா நாளைக்குக் காலைல யார் முன்னாடி குரைப்பீங்க?”

“நான் எதுக்குக் குரைக்கணும்?”

அவள் டாக்டரம்மாவின் எடை அட்டையை நீட்டினாள். பத்து நாளில் முன்னூறு கிராம் ஏறியிருந்தது.

“நீங்க குரைச்சா பாப்பா சிரிக்கிறா. சிரிச்சா வாய் திறக்குது. திறந்தா ஒரு ஸ்பூன்.”

“அப்போ ‘இன்னொரு தடவை’ன்னு கத்தினியே?”

“கிண்ணத்துல மீதி இருந்துச்சு.”

“காதைத் தூக்குதுன்னு சொன்னியே?”

“அது காது எப்பவும் அப்படித்தாங்க இருக்கும்.”

“எங்கிட்ட நேரா சொல்லியிருந்தா குரைச்சிருக்க மாட்டேனா?”

“பூனைக்கே சட்டையை மாட்டிக்கிட்டீங்க. இப்போ மேஜரையும் அனுப்பிட்டு வெறும் வாசலைப் பாத்துக் குரைச்சா தெரு என்ன சொல்லும்? யோசிச்சுக்கோங்க.”

பூட்டுக்காரர் யோசிக்கவில்லை. சங்கிலி தானாகவே ஆணிக்குத் திரும்பியது. “பாப்பாவுக்காகத்தான்,” என்றார் கண்டிப்பாக. மேஜர் பந்தை எடுத்து வந்தது.

மறுநாள் காலை அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் வீடே கிடுகிடுக்க ஒரு “வள்!” கேட்டது. கத்தி கையிலிருந்து நழுவியது. திரும்பினால் மேஜர்.

“குரைச்சிடுச்சு!” என்று பாதி முகத்துச் சோப்போடு கூடத்துக்கு ஓடினார். “ஏய், குரைச்சிடுச்சு! நான் சொல்லிக்குடுத்த வள்!”

“அது வந்த நாளிலேருந்து குரைக்குதுங்க, நீங்க கடைக்குப் போனப்புறம் யாராவது கதவைத் தட்டினா,” என்றாள் மனைவி, பாப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்தபடி. “பாப்பா தூங்கறப்போ வேண்டாம்னு நான் விரலைக் காட்டினா பேசாம இருக்கும். மீட்டர்காரர் வந்தப்பவும் அதான். இந்தப் பத்து நாளும் நீங்க வீட்டுல இருக்கறப்பெல்லாம் விரலைக் காட்டிட்டே இருந்தேன்.”

“அப்போ இப்ப குரைச்சது?”

“மணி எட்டாச்சு, கிண்ணம் ரெடி. உங்களைக் கூட்டிட்டு வான்னு அனுப்பினேன். வாங்க, வந்து குரைங்க.”