முரளி படி பிறந்த கதை

பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரியைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

காயத்ரி கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். அயர்லாந்தில் ஊர்களுக்குப் பெயர் வந்த கதைகளில் ஆராய்ச்சி வேறு. (அந்த நாடு எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது.) பார்த்த ஐந்தாவது நிமிடமே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அவள் முடிவுதான் தெரியவில்லை.

"காவேரி வரைக்கும் போயிட்டுப் பேசிட்டு வாங்க" என்று அவள் சித்தியையும் துணைக்கு அனுப்பினார்கள்.

ஸ்ரீரங்கம் படித்துறையில் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அயர்லாந்துல ஒரு மேடு, ஒரு கல்லைக்கூட விட மாட்டாங்க, எல்லாத்துக்கும் கதை இருக்கு" என்றாள் காயத்ரி. "ஒரு கிணத்துப் பக்கம் போகாதேன்னு சொல்லியும் ஒருத்தி போனா. தண்ணி பொங்கி ஆறா ஓடி அவளை அடிச்சிட்டுப் போயிடுச்சு. ஷானன்னு அந்த ஆத்துக்கு அவ பேரையே வச்சுட்டாங்க."

அடடா, என்ன ஜனங்கள்! சொல்பேச்சுக் கேட்காதவளுக்கு ஓர் ஆற்றையே கொடுத்திருக்கிறார்களே! அதை அவள் சொன்ன அழகில் எனக்கும் வீரம் வந்து, கீழே இறங்கினேன்.

"அந்தப் படி வேணாங்க, பாசி!"

"காவேரி எனக்குப் பழக்கம்ங்க" என்றேன். (திருவெறும்பூர் குவார்ட்டர்ஸில் குழாய்த் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன்.)

அடுத்த நொடி ஆற்றுக்குள் கிடந்தேன். "ஐயோ, காப்பாத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் படித்துறையே திரும்பிப் பார்த்தது.

"எழுந்து நில்லுங்க, இடுப்பளவுதான்" என்றாள் காயத்ரி. பூ விற்கிற அக்கா சிரித்த சிரிப்பில் கூடையே கவிழ்ந்தது.

வருங்கால மாமனாரின் வேட்டியைக் கட்டிக்கொண்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். சம்பந்தம் போச்சு என்று அப்பா முகத்திலேயே எழுதியிருந்தது. மறுநாள் போன் வந்தது. சம்மதமாம்! "இதையெல்லாம் இத்தனை நாள் புத்தகத்துலதான் படிச்சேன். நேர்லயே நடத்திக் காட்டிட்டீங்களே" என்று பிறகு காரணம் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் நான் வழுக்கிய அந்தப் படிக்கு என் பெயரிலேயே 'முரளி படி' என்று பெயர். பூக்கார அக்கா அதை ஊருக்கே பரப்பிவிட்டார்.

போன ஆடியில் மகளோடு அங்கே போனோம். அறிமுகமில்லாத ஒருவர் ஓடிவந்து தடுத்தார்.

"சார், அது முரளி படி, கால வைக்காதீங்க! பொண்ணு பாக்க வந்த பையன், பாவம், அங்கதான் முழுகிப் போயிட்டான்."

நான் வாயைத் திறப்பதற்குள் காயத்ரி தன் ஆராய்ச்சி நோட்டை எடுத்துவிட்டாள்.

"அடப்பாவமே! பையன் ஆளு எப்படிங்க?"

"ராஜா மாதிரி இருப்பானாம்மா."

"அதை மட்டும் எழுதிக்க மாட்டேன்" என்றாள்.