எழுபத்து மூன்றாம் பக்கத்தின் மோல் கணக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். அண்ணியும் உன் முழங்காலும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இன்று காலை எழுந்ததும், பல் கூடத் துலக்காமல், நீ எழுதிய வேதியியல் கையேட்டின் எழுபத்து மூன்றாம் பக்கத்தைக் கிழித்தேன். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

அந்தக் கணக்கைத்தான் பரீட்சையில் அப்படியே கொடுத்திருந்தேன். மூடிய கலத்தில் முதலில் X ஐந்து மோல், Y ஏழு மோல், Z கிடையாது. சமநிலை வந்தபின் X நான்கு, Y நான்கு, Z இரண்டு. சமன்பாடு என்ன? நீ மிச்சத்தை மட்டும் பார்த்து, சுருக்கி, 2X + 2Y ⇌ Z என்று போட்டிருக்கிறாய். நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, உருப்போட்டு எழுதிய நாற்பது பேருக்கும் முழு மார்க் போட்டேன். 'வக்கீல்' என்று ஆசிரியர்கள் நாங்கள் பெயர் வைத்திருக்கும் பெண் மட்டும் X + 3Y ⇌ 2Z என்று எழுதி முட்டை வாங்கினாள். அந்த ஐந்து மார்க் போனதில் பெயில். திங்கட்கிழமை அவளை அறிவியல் பிரிவிலிருந்து தூக்கப் போகிறார்கள். நேற்று விடைத்தாளோடு வந்து நின்றாள்.

"மிஸ், டப்பால நாலு பிஸ்கட் மிச்சம் இருந்தா, நான் நாலு தின்னுட்டேன்னு அர்த்தமா? எத்தனை மாறிச்சுன்னுதானே பாக்கணும்? X ஒண்ணு குறைஞ்சுது, Y மூணு குறைஞ்சுது, Z ரெண்டு வந்துச்சு."

தலைமையாசிரியரிடம் ஓடினேன்.

"சும்மா இருங்கம்மா. நாப்பது பேருக்கு மார்க்கைக் குறைச்சா நாப்பது அப்பாவும் என் ரூம்லதான் வந்து நிப்பாங்க. ஒருத்திதானே, விடுங்க."

ஆகவே, தப்பு உன் கையேட்டில்தான் என்று நீயே அவருக்கு எழுது. அட்டையில் அத்தனை பெரிதாகப் பெயர் போட்டுக்கொண்டவன் நீதானே?

அண்ணிக்கு அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். உனக்கு ஒன்றும் கிடையாது.

உன் தங்கை

பி.கு.: உன்னை வசமாக மாட்டிவிட நினைத்து, கையேட்டின் கையெழுத்துப் பிரதியை இப்போதுதான் பரணிலிருந்து இறக்கினேன். அந்த அத்தியாயம் முழுக்க என் கையெழுத்து. நீ டைபாய்டில் கிடந்தபோது, "எனக்குத் தெரியாததா, நான் எழுதித் தரேன்" என்று கல்லூரித் திமிரில் எழுதிக் கொடுத்தது. திட்டியதெல்லாம் வாபஸ். நீ யாருக்கும் எழுத வேண்டாம். நாற்பது பேரின் மார்க்கைத் தொடமாட்டேன். அவர்கள் நம்பியது என்னை. திங்கட்கிழமை மணி அடிக்குமுன் பட்டியலில் அவளுக்கு ஐந்தைப் போட்டு, 'விடைக்குறிப்பு தவறு, தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறேன். இங்கே இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.