தொட்டி கழுவுகிறவர்

மீன் வளர்க்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மீனுக்குத் தீனி போட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பவர்கள். நான் சொல்லப்போவது தொட்டி கழுவுகிறவரைப் பற்றி. இவர் வேறு இனம். கடையில் நிற்கும்போது இருவரையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே மாதிரி பொலித்தீன் பையைத்தான் இருவரும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த இரண்டாம் வாரம் கண்ணாடியின் உட்புறத்தில் பச்சையாக ஒரு பொட்டு தோன்றும் பாருங்கள், அப்போது தெரிந்துவிடும். முதலாமவர், "பாசி" என்பார். இரண்டாமவர் சட்டைக் கையை மடிப்பார்.

இவர் வீட்டுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். செருப்பைக் கழற்ற வைத்து, தொட்டிக்கு நேரே கதிரை போட்டு உட்கார வைத்து, கையில் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, நீங்கள் ஒரு வாய் குடிப்பதற்குள், "கண்ணாடி இருக்குன்னு தெரியுதுங்களா?" என்று கேட்பார். "தெரியவே இல்லைங்க" என்று சொல்லிவிட வேண்டும். மறந்துபோய் மீனைப் புகழ்ந்தீர்களோ, முகம் தொங்கிவிடும். ஆசையாக விரலால் தொட்டுக் காட்டினீர்களோ, கைலேஞ்சியை எடுத்து அந்த இடத்தை உங்கள் முன்னாலேயே துடைப்பார். மீனுக்கு எத்தனை வயது, என்ன சாப்பிடும்? அவருக்குத் தெரியாது. அதையெல்லாம் மீனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் மலைநாட்டுப் பக்கத்துத் தொட்டி கழுவுகிறவருக்குக் கொழும்பில் இருப்பவருக்கு இல்லாத ஒரு துன்பம் உண்டு. குளிர். தை மாதத்துக் காலையில் மீன் அடியில் போய் அசையாமல் நிற்கும். பாவம், இவர் மனம் கேட்காது. மூடுபனிக்குள்ளே தப்பித் தவறி வருகிற வெயில் எந்த ஜன்னலில் விழுகிறதோ, அங்கே தொட்டியைக் கொண்டுபோய் வைப்பார். அது போதாதென்று மேலே ஒரு பல்பு. காலைச் செபத்துக்குப் போட்டால் இரவுச் செபத்துக்குத்தான் அணையும். மீனுக்குச் சூடு ஏறுகிறதோ இல்லையோ, பாசிக்குக் கல்யாண வீடு. வெயில் பட்டால் பாசி, பாசி வந்தால் கழுவல். தொட்டியை நகர்த்தி வைக்கலாமே என்று யாராவது சொன்னால், "அப்ப மீனுக்குக் குளிராதா?" என்பார். அப்படிக் கேட்ட அதே மனிதர், கழுவி முடித்த தொட்டியில் மலையிலிருந்து குழாயில் இறங்குகிற பீலித் தண்ணியை, கை வைத்தால் விரல் விறைத்துப்போகிற தண்ணியை, வாளி வாளியாக ஊற்றி, அதற்குள் மீனைத் தூக்கிப் போடுவார். அப்போது குளிராது. ஏனென்றால் அது சுத்தமான தண்ணீர்.

பொதுவாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சூசைரட்ணம் மாஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். லிந்துலைக்குப் பக்கத்தில் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறார். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. அவருடைய மகள் ஜொய்சியின் பிறந்தநாளுக்கு அவளுடைய அத்தை எட்டுத் தங்க மீன்களையும் ஒரு தொட்டியையும் வாங்கிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் ஏழு மீன்கள் ரோசாச் செடிக்கடியில் போய்ச் சேர்ந்தன. மிச்சம் ஒன்று. அதற்கு ஜொய்சி துரை என்று பெயர் வைத்திருந்தாள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டதற்கு, "பங்களாவுல இருக்குற தோட்டத்துத் துரை மாதிரியே ஒரு வேலையும் செய்யாம வயித்தத் தள்ளிக்கிட்டு சுத்திச் சுத்திப் பார்க்குறாருல்ல" என்றாள்.

சனிக்கிழமை கழுவும் நாள். துரை ஒரு பழைய சட்டிக்குப் போவார். தொட்டி கடைசிச் சொட்டுவரை காலியாகும். உப்பு, தேசிக்காய், சவர்க்காரம், பல் துலக்கும் பிரஷ் எல்லாம் வரிசையாக வரும். தண்ணீரை வடிக்கிற ஸ்பொஞ்சைச் சவர்க்காரம் போட்டு வெள்ளையாகும்வரை கசக்குவார். அடியில் கிடக்கும் கூழாங்கற்களை அடுப்பில் வைத்து அவிப்பார். மாஸ்டரின் மனைவி ஜீவராணி ஒருநாள் சோற்றுப் பானையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பு காலியாகும்வரை நின்று பார்த்தார்.

"என்னாங்க, கல்லு வெந்துருச்சு போல. மிளகாத்தூள் போடவா?"

மாஸ்டர் சிரிக்கவில்லை.

சோலைமலை அண்ணன் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறவர். அவரிடமும் ஒரு தொட்டி உண்டு. அவர் வேலியோரம் நின்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார்.

"மாஸ்டர், வாரத்துக்குக் கால்வாசித் தண்ணிய மட்டும் மாத்துங்க. முன்பக்கத்துக் கண்ணாடிய மட்டும் தேய்ங்க. தீனியக் கொறைங்க. பல்ப அணைங்க, பாசி தன்னால கொறையும். அந்த ஸ்பொஞ்சுல சவர்க்காரம் போடாதீங்க, மீனுக்கு நல்லது செய்யுற கிருமியெல்லாம் அதுலதான் இருக்காம்."

"கிருமியா? வீட்டுக்குள்ளயா? ஒன் தொட்டியப் பார்த்தியா சோலை? உள்ள மீனு இருக்குறதே தெரியல."

"இருக்கு மாஸ்டர். பதினொண்ணு."

"தெரியலையே."

"அதுங்களுக்குத் தெரியுதுங்களே."

இப்படியே போயிருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குத் தந்தை வீட்டை மந்திரிக்க வருவதாகச் சொல்லியனுப்பினார். முந்திய நாள் காலையில் மாஸ்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தபோது, ஜொய்சி தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு வேணாம்ப்பா. துரை ஒருத்தர்தாம்ப்பா இருக்காரு. போன வாரமே சாய்ஞ்சு சாய்ஞ்சு நீந்துனாரு."

"பாதர் வர்ற வீட்டுல பாசியாடி?"

"பாதர் பாசிய மந்திரிக்கமாட்டாராப்பா?"

"கையெடு. கண்ணாடியில ரேகை விழுது."

துரை சட்டிக்குப் போனார். தொட்டி காலியானது. கல் அடுப்பில் ஏறியது. தொட்டிக்குப் பின்னால் ஒட்ட நீலக் காகிதம் வாங்க மாஸ்டர் கடைக்கு இறங்கினார். அந்த நேரத்தில் ஜொய்சி சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடியதை நான் எங்கள் குசினி ஜன்னலால் பார்த்தேன். அங்கே தாழ்வாரத்தின் கீழே, எப்போதோ வைத்து எல்லாரும் மறந்துபோன ஒரு பெயிண்ட் வாளி மழைத்தண்ணி நிறைந்து கிடந்தது. உள்ளே சுவரெல்லாம் பச்சைப் பாசி. சோலைமலை அண்ணன் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவள் துரையை உடனே கொட்டவில்லை. ஒரு டின்னில் எடுத்து, டின்னோடு வாளியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வாளித் தண்ணியைக் கையால் அள்ளி டின்னில் விட்டு, அரை மணித்தியாலம் குந்தியிருந்து பிறகுதான் சரித்தாள். நிமிர்ந்தபோது என்னைக் கண்டாள். வாயில் விரல் வைத்தாள். நான் என்ன, ஊருக்குப் போய்ப் பேசுகிறவளா?

மாஸ்டர் வந்தார். பீலித் தண்ணி ஊற்றினார். நீலக் காகிதம் ஒட்டினார். பல்பைப் போட்டார். மீனை விடவேண்டும் என்ற நினைப்பு வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? வரவில்லை. மாலையில் தொட்டிக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். ஜீவராணியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"பார்த்தியா, என்னா தெளிவு!"

"உள்ள ஒண்ணுமே தெரியலைங்க."

"அதான்!"

மறுநாள் பாதர் வந்தார். அயலுக்கும் சொல்லியிருந்ததால் நானும் போய்க் கதவோரம் நின்றேன். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தவர் தொட்டிக்கு முன்னால் குனிந்தார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார்.

"நல்லா இருக்கு மாஸ்டர். மீன் எங்க?"

"இங்கதான் பாதர்... கல்லுக்குப் பின்னால..."

மாஸ்டர் கையை விட்டு ஒவ்வொரு கல்லாக எடுத்தார். புதுச் சட்டை முழங்கைவரை நனைந்தது. கடைசிக் கல்லையும் எடுத்துவிட்டு அப்படியே நின்றார். ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்தார். "கழுவுன தண்ணியோட ஊத்திட்டேனோ" என்று மெதுவாகச் சொன்னார். எங்களுக்கு இல்லை, தனக்குத்தான். மகளைத் திரும்பிப் பார்க்க அவரால் முடியவில்லை.

ஜொய்சியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அழாதீங்கப்பா. துரை பங்களாவுல இருக்காரு" என்றாள்.

எல்லாரும் அவளோடு பின்பக்கம் போனோம். வாளிக்குள் துரை சாயாமல், சரியாமல், பாசியைக் கொத்திக்கொண்டு வட்டம் வந்துகொண்டிருந்தார். பாதர் வாளிக்கும் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார்.

"கொஞ்சமா தெளிங்க பாதர்" என்றாள் ஜொய்சி. "ஒரேயடியா தண்ணி மாத்தக்கூடாது."

மாஸ்டர் வாளிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டார். கண் கலங்கியிருந்தது. மனிதர் மாறிவிட்டார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம், பாதர்கூட நினைத்திருப்பார். குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல வாளியைத் தொட்டார். பிறகு பெருவிரலால் உள்விளிம்பை ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார்.

"ரொம்பத்தான் புடிச்சிருக்கு. ஒரு பிரஷ் இருந்தா..."

"வாளியில கை வச்சீங்க," என்றார் ஜீவராணி, "பாதர் முன்னாலயே சொல்றேன், நாங்க மூணு பேரும் டயகமவுக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவோம்."

மூன்று பேரில் துரையும் ஒருவர்.

வாளி இப்போது எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருக்கிறது. ஜொய்சி பாடசாலை விட்டு வந்து தீனி போடுகிறாள். துரை கொழுத்துவிட்டார். மாஸ்டருக்கும் குறை ஒன்றுமில்லை. மீன் இல்லாத தொட்டியைச் சனிக்கிழமைதோறும் கழுவுகிறார், பாசி கட்டவே மாட்டேன் என்கிறது என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வாளிச் சுவரெல்லாம் பச்சை என்று நான் எழுதியபோது, மீன் இருக்கட்டும், அந்த விளிம்பை மட்டும் லேசாக, ஒரேயொரு தடவை, ஒரு துணியால் துடைத்துவிட்டால் பார்க்க எவ்வளவு நன்றாயிருக்கும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? துரையைப் பார்க்க வருகிற எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதனால் யார் வந்தாலும் வாளிக்கு மூன்றடி தள்ளித்தான் நிறுத்துகிறேன். நீங்கள் வந்தாலும் அங்கேதான் நிற்க வேண்டும். கோபிக்கக்கூடாது.